கல்லை உடைத்த அலை தசைநாணுக்கு வந்த கதை

மருந்தைத் தேடிப் புறப்பட்டு மருந்தைக் கண்டவர்கள் உலகில் உண்டு. வேறெதையோ தேடிப் போனவர்களின் காலில் மருந்து தட்டுப்பட்டதும் உண்டு. 'அதிர்ச்சி அலைச் சிகிச்சை' என்று இன்று வழங்கும் முறை இவற்றுள் இரண்டாம் வகையைச் சேர்ந்ததாகும். ஆறு மாதம், ஓராண்டு என விட்டகலாமல் வருத்தும் முழங்கை வலி, தோள் வலி, குதிகால் வலி ஆகியவற்றுக்கு, கத்தியும் ஊசியும் இன்றி, தோலுக்கு வெளியிலிருந்தே அலைகளைச் செலுத்தி மருத்துவம் செய்கின்றனர். இந்த அலை மருத்துவமனையில் பிறந்ததன்று. ஆகாய விமானத் தொழிற்சாலையில் பிறந்து, சிறுநீரகக் கல்லை உடைக்கக் கற்று, முறிந்த எலும்பை அடைந்து, அதன் பின்னரே தசைநாணுக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததும், 'இது உண்மையாகவே வலியைத் தீர்க்கிறதா?' என்ற வழக்கு எழுந்தது. அவ்வழக்கு இன்னும் முழுவதும் முடிந்துவிடவில்லை.

தசைநாண் இன்னதென்று முதலில் தெளிந்துகொள்வது நலம். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான உறுதி மிக்க கயிறே தசைநாண். வில்லின் நாண் போன்று இழுவிசையைத் தாங்குவதால் இப்பெயர் மிகப் பொருத்தமானது. பேச்சு வழக்கில் இதனை 'நரம்பு' என்றே சொல்லி, 'நரம்பு பிசகிவிட்டது' என்பார்கள். நரம்பு வேறு, நாண் வேறு. தசையில் இரத்தம் பெருக்காக ஓடுகிறது. நாணிலோ மிகக் குறைவாகவே ஓடுகிறது. ஆகவே, தசையில் ஏற்படும் காயம் விரைவில் ஆறிவிட, நாணில் ஏற்படும் பழுது மாதக் கணக்கில் ஆறாமல் கிடக்கின்றது.

முழங்கையின் வெளிப்புறத்தில் உண்டாகும் இத்தகைய வலியை 1873-இல் ஜெர்மானிய வைத்தியர் ருங்கே, எழுதும் தொழில் செய்வோரிடம் கண்டு எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1883-இல், பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் 'புல்வெளி டென்னிஸ் முழங்கை' என்ற தொடர் வெளிவந்தது. எழுத்தரின் பெயர் மறைந்து விளையாட்டுக்காரரின் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இந்நோயால் வருந்துவோரில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர்கள். தச்சர், சமையற்காரர், துணி பிழிபவர், பால்மரம் வெட்டுபவர் என ஒரே வகையாகக் கையைத் திருப்பித் திருப்பி உழைக்கும் எவருக்கும் இது வரும். நோய்க்குப் பெயர் வைக்கும் உரிமையும் வசதி படைத்தோர் பக்கமே சாய்ந்தது போலும்!

நெடுங்காலமாக இவ்வலியை 'அழற்சி' என்றே வைத்தியர்கள் கருதிவந்தனர். அழற்சியை அடக்கும் மருந்துகளும் ஊசிகளும் அதனாலேயே வழக்கத்துக்கு வந்தன. 1976-இல் இத்தாலிய வைத்தியர் புட்டு குதிகால் நாணையும், 1979-இல் அமெரிக்க வைத்தியர் நிர்ஷல் முழங்கை நாணையும் ஆராய்ந்து, அங்கே அழற்சியைவிட நார்களின் சிதைவே மேலோங்கி நிற்பதை எடுத்துக்காட்டினர். பழைய கயிறு புரி அவிழ்ந்து நைந்து கிடப்பது போன்ற நிலை அது. அழற்சிக்கான மருந்து சில வாரங்கள் வலியைத் தணித்தாலும் நைந்த கயிற்றை முறுக்கித் தராது. புதிய வழி ஒன்று தேவைப்பட்டது. அந்த வழி வைத்தியர்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத திசையிலிருந்து வந்தது.

விமானத்தில் மோதிய மழைத்துளி

காற்றில் ஒலியைவிட விரைவாகச் செல்லும் பொருள் தனக்கு முன்னே ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. பாயும் துப்பாக்கிக் குண்டின் முன்னே நிற்கும் அந்த அலையை 1887-இல் எர்ன்ஸ்ட் மாஹ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, சால்ஷர் என்பவரின் துணையோடு படம் பிடித்து உலகுக்குக் காட்டினார். சாதாரண ஒலி அலையில் அழுத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதிர்ச்சி அலையிலோ அழுத்தம் செங்குத்துச் சுவரைப்போல் ஒரே பாய்ச்சலில் எழுந்து, உடனே சரிந்துவிடும். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அவற்றில் ஒரு சில பங்குகளுக்குள் அது உச்சத்தை எட்டிவிடுகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் தத்தளித்த மாலுமிகள் சிலர், நீருக்கடியில் குண்டு வெடித்த பின்னர், உடம்பில் கீறலும் இன்றி மாண்டனர். அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் கிழிந்திருந்தது. நீரின் வழியே வந்த அலை, நீரைப் போன்றதேயான சதையைத் துளைத்துச் சென்று, காற்று நிறைந்த நுரையீரலில் தன் முழு வலிமையையும் கொட்டிவிட்டது. அழிவுக்குக் காரணமான இந்த இயல்பையே பின்னர் மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது. சதையைக் கடந்து செல்லும் அலை, சதையினும் வேறான பொருளைக் கண்ட இடத்திலேதான் தன் ஆற்றலைச் சொரிகின்றது.

அமெரிக்கரான ஃபிராங்க் ரீபர், மின்பொறியால் நீரில் இவ்வலையை எழுப்பி ஓரிடத்தில் குவிக்கும் கருவிக்கு 1951-இல் காப்புரிமை பெற்றார். சோவியத் நாட்டில் யூட்கின் என்பவரும் நீருக்குள் மின்பொறி எழுப்பும் முறையை 1950-களில் வளர்த்து வந்தார். இவை பெருவழக்காகவில்லை. வரலாற்றின் திருப்பம் தென் ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையிலுள்ள ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் நேர்ந்தது.

அங்குள்ள டோர்னியர் நிறுவனம் ஆகாய விமானங்கள் செய்து பேர் பெற்றது. ஒலியினும் விரைந்து செல்லும் விமானத்தின்மீது மழைத்துளி மோதினால் உலோகம் குழிவிழுகிறது. வானவெளியில் நுண்கற்கள் மோதினும் அப்படியே. இதனை ஆராய்வதற்காக, மிக விரைவாகச் செல்லும் சிறு எறிபொருள்களை உலோகத் தகட்டின்மீது மோதவிட்டுச் சோதித்தனர். 1966-இல், மோதல் நிகழ்ந்த அதே கணத்தில் பொறியாளர் ஒருவரின் உடல் அத்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கவே, மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு அவர் உடலில் ஓடியதாம். அளந்து பார்த்தால் மின்சாரமே இல்லை! தகட்டிலிருந்து அவர் உடலுக்குள் புகுந்தது அதிர்ச்சி அலை. இக்கதை அத்துறையினரிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. நியூட்டனின் ஆப்பிளைப் போல இதிலும் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அதன் பின் நடந்தவை ஏடுகளில் உள்ளவை. 1968 முதல் 1971 வரை மேற்கு ஜெர்மானியப் பாதுகாப்பு அமைச்சு பணம் கொடுத்து, இவ்வலைகள் விலங்குகளின் உடலில் என்ன செய்கின்றன என்று ஆராயச் செய்தது. அமைச்சின் அக்கறை போர்வீரனின் உடலைப் பற்றியது. கிடைத்த விடையோ சிறுநீரகக் கல் உள்ளவனுக்குப் பயன்பட்டது.

நீர்த்தொட்டியில் படுத்த நோயாளி

1971-இல் ஹொய்ஸ்லர், கீஃபர் என்ற இருவர், கல்லைத் தொடாமலேயே அலையால் உடைக்க முடியும் என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டினர். டோர்னியரின் பௌதிக விஞ்ஞானி ஃபார்ஸ்மன்னும், மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்களான ஷ்மீட், ஷோஸி, ஐசன்பெர்கர் ஆகியோரும் 1974 முதல் ஒன்றுகூடி உழைத்தனர்.

அவர்கள் கையாண்ட உத்தி பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கக்கூடியது. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒரு குவியத்திலிருந்து கிளம்பும் எதுவும் சுவரில் பட்டு, மற்றக் குவியத்தில் வந்து சேரும். முட்டையை ஒரு முனையில் வெட்டியது போன்ற உலோகக் கிண்ணத்தை நீரில் வைத்து, அதன் உள்ளே இருக்கும் குவியத்தில் மின்பொறியை எழுப்பினர். வெளியே உள்ள குவியத்தில் நோயாளியின் கல் இருக்குமாறு, எக்ஸ்-ரே துணையோடு அவரை நகர்த்தினர். நீர் வேண்டும் என்பதற்காக நோயாளியை ஒரு தொட்டியிலேயே இறக்கிவிட்டனர். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மியூனிக்கில் முதல் மனிதருக்கு இச்சிகிச்சை நடந்தது. அவ்வாண்டின் இறுதியில் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. 1984 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகமும் அனுமதி கொடுத்தது. விலாவை நீளக் கிழித்துக் கல்லெடுத்த காலம் சில ஆண்டுகளில் பெரும்பாலும் முடிந்துபோயிற்று.

இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. கல் இருந்தது, உடைந்தது, வெளியேறியது. எக்ஸ்-ரே படம் சாட்சி. தசைநாண் வலிக்கு இத்தகைய சாட்சி கிடையாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்லிலிருந்து எலும்புக்கு அலை சென்றது அச்சத்தின் காரணமாகவே. கல் இடுப்பெலும்புக்கு அருகே இருந்தால், அலை எலும்பைக் கெடுக்குமோ என்று வைத்தியர்கள் அஞ்சி, விலங்குகளில் சோதித்தனர். கெடுதல் இருக்கட்டும், அலை பட்ட இடத்தில் புதிய எலும்பு உண்டாவதற்கான அடையாளங்கள் தோன்றின. அப்படியாயின் கூடாத முறிவுகளைக் கூட்டலாமே என்ற எண்ணம் எழுந்தது. பல்கேரியாவைச் சேர்ந்த வல்ச்சனோவும் மிகாய்லோவும், எலும்பு கூடாமல் இருந்த 82 பேருக்கு இதனைச் செய்து, 70 பேருக்குக் கூடிற்று என்று 1991-இல் எழுதினார்கள்.

அடுத்த அடி தோளுக்கு. தோளின் தசைநாணில் சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து கடும் வலி உண்டாகும். சிறுநீரகக் கல்லை உடைக்கும் அலை இந்தச் சுண்ணாம்பையும் உடைக்குமல்லவா? ஹைடல்பெர்க் நகரத்து வைத்தியர் லூவ் முதலானோர் 1993 அளவில் இதனைச் செய்து பார்த்தனர். சுண்ணாம்பு கல்லைப்போல் அங்கேயே நொறுங்கவில்லை. ஆனால் வாரங்கள் செல்லச் செல்லப் பலருக்கு அது கரைந்து மறைந்தது, வலியும் குறைந்தது. அலை அங்கே சுத்தியல் வேலை செய்யவில்லை; உடலைத் தூண்டி உடலையே வேலை செய்யவைத்தது. அப்படியானால், சுண்ணாம்பே இல்லாத முழங்கையிலும் குதிகாலிலும் அது பயன்படாதா? தவறான காரணத்தால் சரியான கேள்விக்கு வந்தனர் என்று சொல்வது பொருந்தும்.

மூவாயிரம் அடியும் முப்பது அடியும்

நாட்பட்ட வலியை ஆராய்வது கடினம். வலி தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். மிகக் கடுமையாக இருக்கும் நாளில்தான் மனிதன் வைத்தியரைத் தேடிப் போகிறான்; அதற்குப் பிறகு எது செய்தாலும், செய்யாவிட்டாலும், வலி சற்று இறங்கவே செய்யும். பெரிய இயந்திரம், டக் டக் என்ற ஓசை, கொடுத்த கட்டணம் எல்லாம் சேர்ந்து நம்பிக்கையை வளர்க்கும். நம்பிக்கை வலியைக் குறைக்கும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, அலை மட்டும் என்ன செய்தது என்று கண்டாக வேண்டும்.

மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொம்பெ என்ற வைத்தியர் 1996-இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஓராண்டுக்கு மேலாக முழங்கை வலியால் துன்புற்ற 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினர்க்கு மொத்தம் 3000 அலைகள்; மற்றப் பிரிவினர்க்கு வெறும் 30. இருபத்துநான்கு வாரங்கள் சென்று பார்த்தபோது, முதற் பிரிவில் நூற்றுக்கு 48 பேர் நன்றாகவோ மிக நன்றாகவோ தேறியிருந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனினும், மூவாயிரம் அடி வாங்கியவருக்கும் முப்பது அடி வாங்கியவருக்கும் தாம் எந்தப் பிரிவு என்று தெரிந்திராதா என்ற ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இரண்டே ஆண்டுகளில் வேறொரு முனையிலிருந்தும் ரொம்பெயே ஓர் எச்சரிக்கை கொடுத்தார். முயல்களின் குதிகால் நாணில் பல அளவுகளில் அலையைச் செலுத்திப் பார்த்து, சதுர மில்லிமீட்டருக்கு 0.28 மில்லிஜூலுக்கு மேற்பட்ட அளவு நாணுக்கே கேடு செய்யும், ஆகவே மனிதர்க்குக் கூடாது என்று 1998-இல் அறிவித்தார். தாம் வளர்த்த முறையின் தீங்கையும் தாமே அளந்து சொன்ன நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் வணிகம் அளவுகோலுக்காகக் காத்திருக்கவில்லை. ஜெர்மனியில் கருவிகள் ஊருக்கு ஊர் பரவின. 1990-களின் இறுதியில் இன்னொரு வகைக் கருவியும் புறப்பட்டது. கைப்பிடிக் குழாய்க்குள் ஒரு சிறு உலோகக் குண்டைக் காற்றழுத்தத்தால் ஓடவிட்டு, முனையிலுள்ள தகட்டை இடிக்கச் செய்வது அது. அதிலிருந்து வரும் அலை குவியாமல் விரிந்து செல்லும். அழுத்தமும் மெதுவாகவே ஏறும். பௌதிக சாஸ்திரப்படி அதனை அதிர்ச்சி அலை என்பதே பொருந்தாது. விலை குறைவு, தூக்கிச் செல்ல எளிது என்பதால் இதுவே எங்கும் பரவியது. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையங்களில் 'அதிர்ச்சி அலை' என்ற பெயரில் நோயாளிகள் காண்பது பெரும்பாலும் இக்கருவியையே. ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் விற்பனையாவதால் ஆராய்ச்சி முடிவுகளை ஒப்பிடுவதும் குழப்பமாயிற்று.

அமெரிக்க நிர்வாகம் 2000 அக்டோபரில் குதிகால் வலிக்கும், 2003 மார்ச்சில் முழங்கை வலிக்கும் இவ்வகைக் கருவிக்கு அனுமதி வழங்கியது. அதே ஆண்டுகளிலேயே எதிர்ச் சாட்சியங்கள் குவிந்தன. 2002-இல் ஆஸ்திரேலியாவில் புக்பைண்டர் தலைமையில் குதிகால் வலியுள்ள 166 பேரிடம் நடந்த சோதனையில், போலிச் சிகிச்சைக்கும் உண்மைச் சிகிச்சைக்கும் வேற்றுமை காணப்படவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் ஹாக்கெ என்பவர் முழங்கை வலியுள்ள 272 பேரைச் சோதித்தார். இவருடைய போலிச் சிகிச்சை மிக நுட்பமானது. கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று நிரம்பிய மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்தார். ஓசை அதே ஓசை. ஆனால் காற்றைக் கண்ட அலை திரும்பிவிடும். மாலுமியின் நுரையீரலைக் கிழித்த அதே விதி இங்கே பொய்யை மெய்போல் காட்ட உதவிற்று. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின், உண்மையான அலை பெற்றவர்களில் நூற்றுக்கு 25.8 பேரும், போலி அலை பெற்றவர்களில் நூற்றுக்கு 25.4 பேரும் தேறியிருந்தனர். ஓராண்டுக்குப் பின் இரு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தேறிவிட்டனர். காலமே வைத்தியர் என்றாகிவிட்டது!

வழக்கு இத்துடன் தீர்ந்ததா? இல்லை. ஹாக்கெயின் சோதனையில் அலை செலுத்துமுன் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப்பட்டிருந்தது. அலையால் பயனில்லை என்பதை மறுத்தவர்கள் இதனைப் பிடித்துக்கொண்டனர். நோயாளி 'ஆம், இங்கேதான் வலிக்கிறது' என்று சொல்லும் இடத்திலேயே அலையைச் செலுத்த வேண்டும். மரத்துப்போனவரிடம் இடத்தை எப்படிக் கேட்பது என்றனர். இது தோற்றவர் சொல்லும் சாக்கு என்றே முதலில் தோன்றும். ஆனால் 2005-இல் ரொம்பெயின் குழுவினர் இதனையே சோதித்து, மரப்பு ஊசி போடாமல் செய்தவர்களே அதிகம் தேறினர் என்று காட்டினார்கள். இதற்கிடையே, 2003-இல், தோளில் சுண்ணாம்பு படிந்த 144 பேரிடம் கெர்டெஸ்மேயர் நடத்திய சோதனையில், போலிச் சிகிச்சையைவிட அலை தெளிவாகவே மேலோங்கி நின்றது. ஆகவே 'அலை பலிக்குமா?' என்ற ஒரே கேள்வி போதாது. எந்த நாணில், எந்த அளவில், எந்தக் கருவியால் என்று பிரித்துக் கேட்பதே முறை.

காரணத்தைத் தேடியவர்களில் தைவானின் காவ்சியுங் நகர வைத்தியர் வாங் முக்கியமானவர். முயலின் குதிகாலில் நாண் எலும்போடு சேரும் இடத்தில் அலையைச் செலுத்தி 2003-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரு வாரத்திலேயே இரத்தக் குழாய்களை வளர்க்கும் இரசாயனப் பொருள்கள் அங்கே கூடின, நான்காம் வாரமளவில் புதிய நுண்குழாய்கள் தோன்றின. இரத்தம் வறண்ட நாணுக்கு இரத்த வழி திறப்பது ஆறுதலுக்கு ஏதுவாகலாம் என்பது இதன் கருத்து. முயலில் கண்டது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று உறுதி கூற முடியாது. மேலும், அலை வலி நரம்புகளை மந்தப்படுத்துவதும் உண்டு. பந்தயக் குதிரைகளுக்கு இச்சிகிச்சை செய்தால் சில நாட்கள் ஓடவிடக் கூடாது என்று விதி செய்திருப்பது இதனால்தான். வலி தெரியாமல் ஓடும் குதிரை காலை முறித்துக்கொள்ளும். குதிரைக்கு நம்பிக்கையூட்டி ஏமாற்ற இயலாது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

இயந்திரமே இல்லாத போட்டியாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். சுவீடன் நாட்டு வைத்தியர் ஆல்ஃபிரெட்சன், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை நாளொன்றுக்கு 180 முறை செய்யும்படி 15 பேருக்கு விதித்து, பன்னிரண்டு வாரத்தில் அவர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினர் என்று 1998-இல் எழுதினார். செலவு ஒரு காசும் இல்லை, படிக்கட்டு போதும். 2007-இல் ரொம்பெ இதனைத் தம் அலையோடு நேருக்கு நேர் நிறுத்தினார். குதிகால் நாணின் நடுப்பகுதியில் வலியுள்ள 75 பேரில், பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 60 பேர், அலை பெற்றோரில் 52 பேர், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தோரில் 24 பேர் தேறினர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அதிகம் தேறினர் என்று 2009-இல் வந்த அடுத்த ஆராய்ச்சி கூறிற்று. எனவே பயிற்சியை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் நாடுவது பாதிக் கிணறு தாண்டுவதாகும்.

தோளைப் பற்றிய 32 சோதனைகளை, 2281 பேரின் கணக்கை, ஒன்றாகத் திரட்டி 2020-இல் காக்ரேன் குழுவினர் வெளியிட்ட மதிப்பீடு, பயன் சிறிதே என்று சொல்லிவிட்டது. பிரிட்டனின் சுகாதார வழிகாட்டும் மன்றமோ 2009 முதல் பலமுறை இதனை ஆராய்ந்து, பெருந்தீங்கு இல்லை, பயனைப் பற்றிய சான்றுகளோ ஒன்றோடொன்று இசையவில்லை என்று எழுதியது. தோல் சிவத்தல், இரத்தம் கன்றுதல், சில நாள் வலி கூடுதல் ஆகியவையே பெரும்பாலும் காணப்படும் கேடுகள். கருவுற்ற பெண்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கும், நுரையீரலை ஒட்டிய பகுதியிலும் இதனைச் செய்வதில்லை.

அலை பிறந்த ஜெர்மனியிலேயே, பொது மருத்துவக் காப்பு நிதியிலிருந்து இதற்குப் பணம் கொடுக்க முடியாது என்று 1998-இல் தீர்மானித்தனர். இருபது ஆண்டுகள் நோயாளிகள் தம் கைப்பணத்தைக் கொடுத்தே இதனைப் பெற்றுவந்தனர். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் கூட்டுக் குழு தன் முடிவை மாற்றியது. அதுவும் உள்ளங்கால் நார்ப்பட்டையால் வரும் குதிகால் வலி ஒன்றுக்கு மட்டும். அந்த வலியும் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். மற்ற எளிய சிகிச்சைகளெல்லாம் பலிக்காமற் போயிருக்க வேண்டும். மூவாயிரத்தையும் முப்பதையும் வைத்து மைன்ஸ் நகரில் முதலில் சோதித்துப் பார்த்த முழங்கை, அந்தத் தீர்மானத்தில் இடம்பெறவில்லை.